கோசியின் மணல் எங்கே போகும்?

2008 ஆகஸ்ட் 18 அன்று, நேபாளத்திலிருந்து பீகாருக்குள் இறங்கும் கோசி ஆற்றில் சொல்லிக்கொள்ளும்படி வெள்ளம் எதுவும் இல்லை. விநாடிக்கு 9.5 லட்சம் கனஅடி வந்தாலும் தாங்கும் என்று கணக்குப் போட்டு எழுப்பிய கரைகள் அவை. அன்று ஓடியது ஏறத்தாழ 1.44 லட்சம். மேட்டூரில் இதைவிட அதிகம் திறந்துவிட்டதை நாமே பார்த்திருக்கிறோம். இருந்தும் நேபாளத்தின் சுன்சரி மாவட்டத்தில், குசஹா என்ற ஊருக்குப் பக்கத்தில் கிழக்குக் கரை உடைந்தது. வயலுக்குள் கொஞ்சம் தண்ணீர் பாய்ந்ததோடு முடிந்திருந்தால் அது இன்னொரு கரை உடைப்பு, அவ்வளவுதான். அன்று ஆறே அந்த வழியாகத் திரும்பிவிட்டது. தண்ணீரில் பெரும்பங்கு பழைய தடத்தைக் கைவிட்டு, நூறு இருநூறு வருஷங்களுக்கு முன்னால் தான் ஓடிய பாதைகளைத் தேடிக்கொண்டு தெற்கே இறங்கியது. சில இடங்களில் பழைய தடத்துக்கும் புதிய ஓட்டத்துக்கும் இடையே 120 கிலோமீட்டர் வரை தூரம். சுபௌல், மதேபுரா, சஹர்சா, அரரியா, பூர்ணியா ஆகிய ஐந்து பீகார் மாவட்டங்களில் 33 லட்சம் பேர் பாதிக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் அதுவரை தங்களை ஆற்றங்கரை மக்களாகவே நினைத்திராதவர்கள்.

இதை எனக்கு முதலில் சொன்னவர் எங்கள் தெருவில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் வேலை செய்த மதேபுராக்காரர். தமிழ் அரைகுறையாகப் பழகியிருந்தார். "அண்ணா, மழை இல்ல. வெயில். தண்ணி மட்டும் வந்துச்சு" என்றார். அப்போது சிறுவனாம். வெள்ளம் என்றால் மழை பெய்து, ஆறு நிரம்பி, கரை புரண்டு வருவது என்றே நான் நினைத்திருந்தேன். கொளுத்தும் வெயிலில், எங்கோ தொலைவில் ஒரு கரை உடைந்ததால் சில நாள் கழித்துத் தன் ஊருக்குத் தண்ணீர் வந்தது என்று ஒருவர் சொன்னது மனத்தில் ஒட்டிக்கொண்டது. அதன்பிறகு கோசியைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். ஒரு குளிர்காலத்தில் சஹர்சாவுக்கு ரயிலேறவும் செய்தேன். வாசித்ததும் பார்த்ததும் சேர்ந்து எனக்குக் கொடுத்த முடிவு ஒன்றுதான்: கோசியை எல்லாரும் தண்ணீர்ப் பிரச்சினை என்றே அளக்கிறார்கள், உண்மையில் அது மணல் பிரச்சினை.

மேலே மலையிலிருந்து தொடங்கினால்தான் இது விளங்கும். கோசிக்கு நேபாளத்தில் சப்தகோசி என்று பெயர். இந்திராவதி, சுன்கோசி, தாமாகோசி, லிக்கு, தூத்கோசி, அருண், தமோர் என்று ஏழு ஆறுகள். கடைசியில் சுன்கோசி, அருண், தமோர் என மூன்று பெரும் ஓட்டங்களாகத் திரிவேணி என்ற இடத்தில் கலக்கின்றன. உலகின் மிக உயரமான ஆறு சிகரங்களில் கே2 ஒன்றைத் தவிர மற்ற ஐந்தின் பனியும் இந்த ஆற்றில்தான் வந்து சேர்கிறது: எவரெஸ்ட், கஞ்சன்ஜங்கா, லோட்சே, மகாலு, சோ ஓயு. இவற்றில் அருண் விசித்திரமானது. திபெத்தில் பிறந்து, இமயமலையைக் குறுக்கே அறுத்துக்கொண்டு தெற்கே வருகிறது. மலை எழும்புவதற்கு முன்பே அந்த ஆறு அங்கே ஓடிக்கொண்டிருந்தது, மலை உயர உயர இது அறுத்துக்கொண்டே இருந்தது என்கிறார்கள் நிலவியலாளர்கள்.

இமயமலை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் மலை. பாறை இறுகவில்லை, நிலநடுக்கம் ஓயவில்லை, ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஏதாவதொரு சரிவு பெயர்ந்து ஆற்றில் விழுகிறது. 2014 ஆகஸ்ட் 2 அன்று சிந்துபால்சோக் மாவட்டத்தில் ஜூரே என்ற இடத்தில் ஒரு மலைச்சரிவு 156 பேரைப் புதைத்து, சுன்கோசியையே மறித்து ஒரு ஏரியை உண்டாக்கியது. அது உடைந்தால் என்னாகும் என்ற பயத்தில் கீழே பீகாரில் கரையோர மக்களை அப்புறப்படுத்தினார்கள். ஒரு மாதத்துக்கும் மேல் நின்ற அந்த அடைப்பு செப்டம்பரில் உடைந்தது. நல்லவேளை, பயந்த அளவுக்குச் சேதமில்லை. ஆனால் அந்தச் சரிவின் மண்ணும் கல்லும் ஆற்றுக்குள் வந்தாயிற்று. இப்படி ஆண்டுக்கு 8 முதல் 10 கோடி டன் வரை வண்டலும் மணலும் கோசி இறக்குகிறது. அதில் மிகப் பெரும் பகுதி ஜூன் முதல் அக்டோபருக்குள்.

திரிவேணியிலிருந்து வராகக்ஷேத்திரம் வழியாகச் சத்ரா வரை குறுகலான பள்ளத்தாக்கு. சத்ராவைத் தாண்டியதும் மலை சட்டென்று முடிந்துவிடுகிறது. தலைச்சுமையோடு படியிறங்கி வந்தவர் சமதரையைக் கண்டதும் சுமையை இறக்கி வைப்பதுபோல், கோசி அங்கே தன் மணலை இறக்கத் தொடங்குகிறது. இறக்கிய மணலில் தன் தடமே மேடாகிவிடும். மேடானதும் பக்கத்துப் பள்ளத்துக்கு நகரும். அதையும் மேடாக்கிவிட்டு அடுத்ததற்குப் போகும். இப்படி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நகர்ந்து நகர்ந்து கோசி உண்டாக்கியதுதான் வடகிழக்குப் பீகார். சத்ராவை முனையாக வைத்து விசிறியாக விரியும் அந்த நிலம் ஏறத்தாழ 180 கிலோமீட்டர் நீளம், 150 கிலோமீட்டர் அகலம். பூர்ணியா, மதேபுரா, சஹர்சா, சுபௌல் எல்லாம் உட்கார்ந்திருப்பது கோசி போட்ட மணலின் மேல்.

பதினெட்டாம் நூற்றாண்டில் கோசி பூர்ணியா நகரை ஒட்டி ஓடியது. பிரிட்டிஷ் நில அளவையாளர் ரென்னல் வரைந்த வங்காளத்து வரைபடங்களிலும் அது இன்றைக்கு இருக்கும் இடத்துக்கு வெகு கிழக்கேதான் இருக்கிறது. அங்கிருந்து இருநூறு ஆண்டுக்குள் நூறு கிலோமீட்டருக்கும் மேல் மேற்கே போய்விட்டது. இது ஒரே திசையில் நடந்த நகர்வு அல்ல, அங்குமிங்கும் ஊசலாடியதுதான் என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. வரைபடங்களைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால் எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. எப்படியிருந்தாலும் ஆறு விட்டுப்போன ஒவ்வொரு தடமும் அங்கே இன்னும் இருக்கிறது. தார் என்கிறார்கள். மழைக்காலத்தில் ஓடை, கோடையில் குட்டை. தண்ணீர் தேங்கி நிற்கும் தாழ்நிலங்கள் சௌர். மலேரியாவும் காலா அசார் என்னும் கருங்காய்ச்சலும் கொள்ளை கொண்ட நிலம் இது. விஷம் தின்னாதே, நஞ்சு தின்னாதே, சாக வேண்டுமென்றால் பூர்ணியாவுக்குப் போ என்று அந்தப் பக்கத்தில் ஒரு சொலவடை. இன்று அதே குட்டைகளில் மக்கானா விளைகிறது. உடற்பயிற்சிக்காரர்கள் பொட்டலம் பொட்டலமாக வாங்கித் தின்னும் அந்த வெள்ளைப் பொரிதான். குளிர்காலத்தில் மணல் கலந்த வயல்களில் மக்காச்சோளம். பூர்ணியாவின் குலாப்பாக் சந்தையில் மலையாகக் குவிந்து கிடக்கிறது.

வண்டல் என்றதும் காவிரிப் படுகைக்காரர்களுக்கு நெல் நினைவுக்கு வரும். இங்கே அப்படியே பொருத்திவிட முடியாது. நெடுந்தூரம் மிதந்துபோகும் மென்வண்டல் உரம்தான். ஆனால் மேல்பகுதியில், சுபௌல் வட்டாரத்தில், கோசி போடுவது மைக்கா மினுக்கும் பருமணல். 2008இல் வயல்களின் மேல் அடிக்கணக்கில் படிந்தது அதுதான். அதில் நாணலைத் தவிர எதுவும் சீக்கிரத்தில் முளைப்பதில்லை.

கோசி ராமாயணத்திலேயே வந்துவிட்டாள். பாலகாண்டத்தில் விசுவாமித்திரர் ராமனிடம் சொல்கிறார்: என் மூத்த சகோதரி சத்தியவதி, ருசீகரின் மனைவி, கௌசிகி என்ற ஆறாக ஓடுகிறாள், அவள்மேல் உள்ள பாசத்தால் நான் இமயச் சாரலில் தங்கியிருக்கிறேன் என்று. ஆற்றோரத்து ஜனங்களின் கதை வேறு. அவர்களுக்கு அவள் கல்யாணமாகாத பெண், கோசி மையா. அரக்கன் ஒருவன் அவளை மணக்கத் துரத்துகிறான். ஒரே இரவுக்குள் எனக்கு இருபுறமும் இமயம் வரை கரை கட்டிவிடு, மணக்கிறேன் என்கிறாள். அவன் கட்டிவிடுவான் போலிருக்கிறது. சிவன் சேவலாகக் கூவுகிறார், விடிந்துவிட்டதென்று அரக்கன் ஓடுகிறான், கரை பாதியில் நிற்கிறது. பீர் பாந்த் என்ற பழைய மண்கரையின் மிச்சத்தைக் காட்டி இந்தக் கதையைச் சொல்வார்கள். பொறியாளர்கள் யாராவது இதைக் கேட்டிருந்தால் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

உண்மையில் சிலர் யோசித்தார்கள். 1937 நவம்பரில் பாட்னாவில் வெள்ள மாநாடு ஒன்று நடந்தது. மாகாணத்தின் தலைமைப் பொறியாளர் கேப்டன் ஹால் அங்கே கரை கட்டுவதை எதிர்த்துப் பேசினார். மணல் சுமக்கும் ஆற்றை இரண்டு கரைக்குள் அடைத்தால் மணல் உள்ளேயே படியும், தடம் உயரும், உயர உயரக் கரையையும் உயர்த்த வேண்டும், ஒருநாள் உடையும் என்பதே அவர் வாதம். பிரிட்டிஷ் அரசு வெகுகாலமாகக் கோசியில் கை வைக்கத் தயங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். செலவுக்குப் பயந்ததும் இன்னொரு காரணம், அதை மறைக்க வேண்டியதில்லை. 1947 ஏப்ரலில் கோசிப் பகுதியிலுள்ள நிர்மலியில் பெரிய கூட்டம் கூட்டி, வராகக்ஷேத்திரத்தில் 229 மீட்டர் உயரத்தில் அணை கட்டப்போவதாக அறிவித்தார்கள். பணம் பயமுறுத்தியது, அணை வரவில்லை. 1953 வெள்ளத்தைப் பிரதமர் நேரு வந்து பார்த்தார். ஏதாவது செய்தே தீரவேண்டும் என்ற நிலை. அந்த ஆண்டு முடிவதற்குள் 37 கோடி ரூபாய்ச் சொச்சத்தில் கரையும் கதவணையும் கொண்ட திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது.

இந்த இடத்தில் ஒரு வேடிக்கை. கரை பலன் தருமா என்று சந்தேகம் எழவே, 1954இல் கன்வர் சைன், கே.எல். ராவ் என்ற இரண்டு பெரும் பொறியாளர்கள் சீனாவுக்குப் போய் மஞ்சளாற்றின் கரைகளைப் பார்த்துவிட்டு வந்து கோசிக்கும் கரை சரிப்படும் என்று எழுதினார்கள். மஞ்சளாறு! 1855இல் கரையை உடைத்துக்கொண்டு கடலில் கலக்கும் இடத்தையே மாற்றிக்கொண்ட ஆறு, 1887இல் உடைத்து லட்சக்கணக்கில் உயிரைக் குடித்த ஆறு. கரை கட்டினால் எப்படி உடையும் என்று காட்டத்தான் அந்த ஆற்றை உதாரணம் சொல்வார்கள்.

ஆனால் அந்தக் காலத்து உற்சாகத்தை ஏளனம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. 1955 ஜனவரி 14 அன்று நிர்மலி அருகே வேலை தொடங்கியபோது ஊர் ஊராக ஜனங்கள் மண்கூடையோடு வந்தார்கள். பாதி ரொட்டி தின்போம், கோசிக்குக் கரை கட்டுவோம் என்பது கோஷம். விடுதலை பெற்றுச் சில ஆண்டுகளே ஆன நாடு. ஆற்றை அடக்குவதும் விடுதலையின் ஒரு பகுதி என்று நம்பினார்கள். அதற்கு முந்திய ஆண்டு ஏப்ரலில் நேபாளத்தோடு ஒப்பந்தம் ஆகியிருந்தது. 56 மதகுகள் கொண்ட கதவணை, எல்லைக்கு அப்பால், நேபாள மண்ணில் எழும்பி 1960களின் தொடக்கத்தில் பயனுக்கு வந்தது. நிலம் நேபாளத்துடையது, நிர்வாகம் பீகார் நீர்வளத் துறையுடையது. 2008இல் கரை உடைந்த இடம் அந்தக் கதவணைக்கு 12 கிலோமீட்டர் வடக்கே. மராமத்துக்குப் பொறுப்பு யார், வேலையைத் தடுத்தது யார் என்று இரு தரப்பும் அப்போது மாறி மாறிக் கைகாட்டியது இதனால்தான்.

கரை எழும்பியபின் என்ன நடந்தது என்பதை உடைப்புகளின் பட்டியலே சொல்லிவிடும். 1963 டல்வா, 1968 ஜமால்பூர், 1971 பட்டனியா, 1980 பஹுஅராவா, 1984 நவ்ஹட்டா, 1991 ஜோகினியா, 2008 குசஹா. இதில் 1968 மட்டும்தான் உண்மையான பெருவெள்ளம். அக்டோபர் 5 அன்று 9.13 லட்சம் கனஅடி, இன்றுவரை முறியடிக்கப்படாத அளவு. 1984இல் நவ்ஹட்டாவிலோ 2008இல் குசஹாவிலோ ஆறு தன் உச்சத்தின் பக்கத்தில்கூட இல்லை. தடம் மேடாகிப்போய், ஓட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்து கரையின் அடியை அரித்தது. கரையிலிருந்து ஆற்றுக்குள் நீட்டியிருந்த தடுப்புகள் முதலில் போயின, பின்னே கரை போனது. ஹால் சொன்னது அப்படியே.

சஹர்சாவிலிருந்து மேற்கே போய்க் கிழக்குக் கரையின் மேலே ஏறி நின்றேன். கரையின் மேல் சாலை. ஒரு பக்கம் ஆறு இருக்கும் பக்கம், இன்னொன்று பாதுகாக்கப்பட்ட பக்கம். எது உயரம் என்று கண்ணால் பார்த்தே சொல்லலாம்: ஆற்றுப் பக்கம்தான். பாதுகாக்கப்பட்ட பக்கத்தில் ஆகாயத்தாமரை மிதக்கும் நீர்த்தேக்கம், நவம்பர் முடிந்தும் வற்றவில்லை. ஆற்றுக்கு வந்து சேரவேண்டிய சிறு ஓடைகளை இந்தக் கரை மறித்துவிட்டது. மதகு வைத்தார்கள், மதகு மணலில் அடைத்துப்போயிற்று. 2.14 லட்சம் ஹெக்டேரைக் காப்பாற்றுவதற்கென்று கட்டிய கரை, காப்பாற்றிய நிலத்திலேயே ஒரு பகுதியைச் சதுப்பாக்கிவிட்டது.

இரண்டு கரைகளுக்கும் நடுவே ஊர்கள் இருக்கின்றன என்பது அங்கே போகும்வரை எனக்கு உறைக்கவே இல்லை. சுமார் 380 கிராமங்கள், இன்றைய கணக்கில் பல லட்சம் பேர். கரைகளுக்கு இடையே சில இடங்களில் 16 கிலோமீட்டர் வரை அகலம் உண்டு, ஆகவே ஊருக்கு இடமிருக்கிறது. 1950களில் இவர்களுக்கு வெளியே வீட்டுமனை தருவதாகச் சொன்னார்கள். சிலருக்குக் கிடைத்தது, விளைநிலம் உள்ளேயே இருந்தது. மனை கிடைத்த இடங்களில் பல தண்ணீர் தேங்கும் நிலமாகவும் ஆகிவிட்டன. திரும்பி உள்ளே போய்விட்டார்கள். இவர்களுக்காக ஒரு மேம்பாட்டு ஆணையத்தை 1987இல் மாநில அரசு அறிவித்தது. அது எங்கே இருக்கிறது என்று கேட்டால் கரையோர டீக்கடையில் சிரிக்கிறார்கள்.

படகில் உள்ளே போனேன். வீடுகள் மூங்கிலும் தட்டியும். ஆறு அறுக்கத் தொடங்கினால், கடாவ் என்கிறார்கள், ஒரு பகலுக்குள் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடலாம். செங்கல்லில் கட்டுவது பைத்தியக்காரத்தனம். தன் ஆயுளில் எத்தனை முறை வீட்டை மாற்றினார் என்று ஒரு பெரியவரைக் கேட்டேன். "அதையெல்லாம் எண்ணிக்கொண்டிருந்தால் எப்போது மூங்கில் வெட்டுவது?" என்று திருப்பிக் கேட்டார். ஆஸ்பத்திரிக்குப் படகு, பள்ளிக்கூடத்துக்குப் படகு. நிலம் ஆற்றுக்கு அடியில் போய்விட்டாலும் அதற்கு வரிக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது என்பது அவருடைய பெரிய ஆத்திரம். வெள்ளத்தைவிட அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்.

ஆண்கள் பெரும்பாலும் ஊரில் இல்லை. பஞ்சாப், டெல்லி, இப்போது திருப்பூரும் சென்னையும். குறைந்த கட்டணத்தில் குளிர்சாதனப் பெட்டிகளில் போகும் கரீப் ரத் ரயில்களில் இந்தியாவின் முதலாவது 2006இல் சஹர்சாவிலிருந்து அமிர்தசரஸுக்கு விடப்பட்டது ஏதோ தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. உள்ளூரில் ஆற்றைக் கடக்கும் ரயில் அதற்குப் பின்னும் பதினான்கு வருஷம் கழித்தே வந்தது. நிர்மலிக்கும் சராய்கட்டுக்கும் இடையே இருந்த பழைய ரயில் பாதை 1934இல், நிலநடுக்கம் வந்த வருஷத்தில், போனது. 22 கிலோமீட்டரில் போகவேண்டிய இடத்துக்கு ரயிலில் 300 கிலோமீட்டர் சுற்றவேண்டும் என்ற நிலை. 2020 செப்டம்பரில் புதிய பாலம் திறந்தார்கள். மிதிலை என்ற அந்தப் பகுதி ரயிலைப் பொறுத்தவரை 86 ஆண்டு இரண்டாகக் கிடந்தது. ஆற்றின் அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் பெண் கொடுப்பதையே குறைத்துக்கொண்டார்கள் என்று அங்கே சொன்னார்கள்.

இந்த நிலத்தின் உண்மையான சண்டை மாநிலத்துக்கும் நேபாளத்துக்கும் இடையே இல்லை, கரைக்கு உள்ளும் வெளியும்தான். ஆறு ஏறும் இரவுகளில் உள்ளே இருப்பவர்கள் கரையை வெட்டிவிடுவார்களோ என்று வெளியே இருப்பவர்கள் தடியோடு காவல் காப்பது வழக்கம். ஒருவருடைய பாதுகாப்பு இன்னொருவருடைய வெள்ளம். கரைகளை எடுத்துவிடுங்கள் என்று டெல்லியில் உட்கார்ந்து எழுதுவது எளிது. அறுபது எழுபது வருஷமாக வெளியே ஊரும் பள்ளியும் சாலையும் வந்துவிட்டன. நானும் அப்படிச் சொல்லத் துணியமாட்டேன். ஆனால் பீகாரின் கணக்கு ஒன்றை மறக்க முடியவில்லை. 1950களின் தொடக்கத்தில் மாநிலத்தில் 160 கிலோமீட்டர் கரை இருந்தது, வெள்ளம் பாயக்கூடிய நிலம் 25 லட்சம் ஹெக்டேர். இன்று கரை 3,700 கிலோமீட்டருக்கும் மேல், வெள்ளம் பாயக்கூடிய நிலம் 68 லட்சம் ஹெக்டேருக்கும் மேல். பொறியாளர் தினேஷ் குமார் மிஸ்ரா பல்லாண்டுகளாக இந்த முரணைத்தான் ஊர் ஊராகச் சொல்லிவந்திருக்கிறார்.

2024 செப்டம்பர் கடைசியில் கதவணையின் 56 மதகுகளையும் திறந்தார்கள். 6.61 லட்சம் கனஅடி, 1968க்குப் பிறகு அதுதான் அதிகம். கதவணை நின்றது, தர்பங்கா மாவட்டத்தில் பூபௌல் கிராமத்தில் மேற்குக் கரை உடைந்தது. மறுநாளிலிருந்தே பழைய பேச்சு: மேலே பெரிய அணை கட்டவேண்டும். சப்தகோசி உயர் அணையின் இப்போதைய திட்ட உயரம் 269 மீட்டர், அதற்கு ஆய்வறிக்கை தயாரிக்க நேபாளத்தில் கூட்டு அலுவலகம் திறந்ததே 2004இல்தான். நிலநடுக்கப் பகுதி, நேபாளத்தில் மூழ்கும் ஊர்கள், எல்லாவற்றுக்கும் மேலே அந்தப் பத்துக் கோடி டன். அணைக்குப் பின்னால் படியும் மணலைப் பற்றிக் கேட்டால், அதற்கு இடம் ஒதுக்கியிருக்கிறோம் என்பார்கள். ஒதுக்கிய இடமும் ஒருநாள் நிரம்பும்.

2025 மார்ச்சில் மத்திய அமைச்சரவை கோசி-மேச்சி இணைப்புக்கு 6,282 கோடி ரூபாயில் ஒப்புதல் கொடுத்தது. கதவணையிலிருந்து போகும் கிழக்குக் கால்வாயை நீட்டி, நேபாள எல்லையோரம் கிழக்கே ஓடும் மேச்சி ஆறு வரை கொண்டுபோவது. இரண்டு லட்சம் ஹெக்டேருக்குப் புதிதாகப் பாசனம் கிடைக்குமாம், கிடைத்தால் நல்லதுதான். ஆனால் மேடைகளில் இதை வெள்ளத்துக்கான தீர்வு என்று பேசுகிறார்கள். கால்வாய் கூடுதலாக எடுக்கப்போவது விநாடிக்கு ஏறத்தாழ 5,200 கனஅடி. 2024இல் வந்த தண்ணீரில் அது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. மணலில் எத்தனை பங்கை எடுக்கும் என்று மேடையில் யாரும் கேட்கவில்லை.